'நம்பாதே' என்றொரு சான்றிதழ்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டது. எங்கள் வீட்டில் உருப்படியாகத் தாழ்ப்பாள் விழுகிற ஒரே அறை அதுதான். அலுவலக விஷயம் ரகசியமாகப் பேச வேண்டுமென்றால் என் மனைவி அங்கே போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவாள். நான் குளிக்க வந்தவனைப் போலத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நிற்பேன்.

அன்று குழாய்ச் சத்தத்தையும் மீறிக் காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"திறக்கக் கூடாது சார். ஆனா திறந்துடுச்சு. அதான் பிரச்சனையே."

ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவள் வெளியே வருவதற்குள் தலைப்பு, பாத்திரங்கள், விருது வாங்கும்போது போட வேண்டிய சட்டை எல்லாம் எனக்குத் தயார். அவள் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டாச்சா?"

"குளிக்க வந்தேன்."

"எழுதறதா இருந்தா தப்பில்லாம எழுதுங்க. பக்கம் பக்கமா நான் பார்ப்பேன்."

(பார்த்தாள். அவள் தொழிலே பிழை கண்டுபிடிப்பதுதான், மென்பொருள் சோதனைக்காரி. பக்க ஓரங்களில் அவள் பென்சிலால் கிறுக்கியதை நான் அழிக்கவில்லை. அழித்தால், அழித்த தடத்தையும் கண்டுபிடித்துவிடுவாள்.)

2

முதல் தொடக்கம்:

"வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் விரல் படுவதற்கு முன்பே அந்தக் கதவு மெல்ல..."

பென்சில்: மழை இல்ல. ஏசி ஓடிட்டிருந்தது.

இரண்டாம் தொடக்கம்:

"நம்பிக்கை என்றால் என்ன? மனிதகுலம் தோன்றிய நாள் முதலாக இந்தக் கேள்வி..."

பென்சில்: யாருக்குக் காது குத்தறீங்க?

மூன்றாம் தொடக்கம்:

"கதவே இல்லாத ஒரு பூட்டு மேசைமேல் இருந்தது."

இதற்கு அவள் ஒன்றும் எழுதவில்லை. அவள் ஒன்றும் எழுதாமல் விட்டால் எனக்கு அது விருது. ஆகவே கதை இங்கிருந்துதான் ஆரம்பம். மேலே படித்தவற்றை மறந்துவிடுங்கள்.

3

கதவே இல்லாத ஒரு பூட்டு மேசைமேல் இருந்தது. அதை ஒரு பலகையில் திருகி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். எங்கள் கதாநாயகி, அதாவது சோதனைக்காரி, அதன் எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி இந்தப் பூட்டுகளைச் செய்து விற்கிறது. சாவி கிடையாது. போனில் விரல் வைத்தால், பூட்டு வைஃபை வழியாகக் கம்பெனியின் கணினியைக் கேட்கும், திறக்கலாமா என்று. அது திற என்றால் திறக்கும். சரி, பதில் சொல்வது கம்பெனியின் கணினிதான், வேறு யாரோ ஒரு எத்தன் இல்லை என்று பூட்டுக்கு எப்படித் தெரியும்?

இங்கே ஒரு சின்னப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. தூங்கிவிடாதீர்கள். நான் முதல் தடவை கேட்டபோது தூங்கிவிட்டேன், அதற்குக் கிடைத்ததை அச்சில் ஏற்ற முடியாது.

கணினி தன்னிடம் இருக்கும் சான்றிதழைக் காட்டும். பூட்டு அதில் கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்று பார்க்கும். யார் யார் கையெழுத்தை நம்பலாம் என்று பூட்டின் நினைவில் ஒரு குறிப்பு உண்டு. அதில் இருக்கும் ஆள் கையெழுத்துப் போட்டிருந்தால் சரி. நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் "யார் சொல்லி வந்தீங்க" என்று கேட்பார்கள் அல்லவா, அதுபோலத்தான்.

பென்சில்: நம் ஊர் எது? பெண்ணை எதுக்கு இழுக்கறீங்க?

(விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த வரியை அடிக்கவில்லை.)

பூட்டைச் செய்துகொண்டிருக்கும் காலத்தில், ஒவ்வொரு சோதனைக்கும் உண்மையான கையெழுத்துக்கு அலைய முடியாது. அதனால் அலுவலகத்திலேயே ஒரு போலிக் கையெழுத்துக்காரரை உருவாக்கிக்கொள்வார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை, உலகம் முழுக்கச் செய்வதுதான். அந்தக் கையெழுத்தைப் போட உதவும் ரகசியச் சாவியைப் பத்திரமாக வைக்க வேண்டும். அந்தப் போலியை மேசைமேல் இருக்கும் சோதனைப் பூட்டுகள் மட்டுமே நம்ப வேண்டும். கடைக்குப் போகும் பூட்டு ஒன்றுகூட நம்பக் கூடாது.

எவரும் மறந்தும் ஏமாறக் கூடாது என்று சோதனைக்காரி அந்தப் போலிக்கு 'நம்பாதே' என்று பெயரே வைத்தாள். பெயரை யார் படிக்கிறார்கள்? ரகசியச் சாவியோ எல்லோருக்கும் வசதியாகப் பொதுக் கோப்புறையில் கிடந்தது. வேண்டியவர்கள் வேண்டிய அளவு நகலெடுத்துக்கொண்டார்கள்.

4

சோதனைக்காரியின் வேலையில் ஒரு பாதி, திறக்க வேண்டிய கதவு திறக்கிறதா என்று பார்ப்பது. அதற்குக் கைதட்டுவார்கள். மறுபாதி, திறக்கக் கூடாத கதவு திறக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பது. அதைக் கேட்டால் கொட்டாவி விடுவார்கள்.

அன்று அவள் வாடிக்கையாளருக்குப் போகவிருந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, புதுப் பூட்டைப் பலகையில் மாட்டினாள். தன் மடிக்கணினியையே கம்பெனியின் கணினியாக நடிக்கவைத்தாள். 'நம்பாதே' கையெழுத்திட்ட சான்றிதழைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அவள் அதை நம்பித்தான் வாயில் பிஸ்கட்டைப் போட்டாள்.

பச்சை எரிந்தது. டக்கென்று பூட்டு திறந்தது.

மேலாளரை அங்கே எல்லோரும் தலை என்பார்கள். அவள் தலையைக் கூட்டிவந்து காட்டினாள்.

"வேலை செய்யுதுல்ல?" என்றார் தலை.

"செய்யுது சார்."

"பின்ன என்னம்மா?"

"வேலை செய்யக் கூடாது சார்."

தலை சொறிந்துகொண்டார், தலையை. (மன்னியுங்கள். கை தானாக எழுதிவிட்டது.) விற்ற பூட்டுகள் எல்லாமே 'நம்பாதே'யை நம்புகின்றன என்று அவருக்குப் புரியவைக்கச் சாப்பாட்டு இடைவேளை முழுக்கத் தேவைப்பட்டது. புரிந்ததும் அவர் முதலில் சொன்னது, "இத யார்கிட்டயும் சொல்லிடாத."

5

இதைச் செய்தவன் யார்? இங்கேதான் எனக்கும் என் பாத்திரத்துக்கும் தகராறு.

அவனுக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பான். பெரிய இடத்துக்குப் பூட்டைக் காட்ட வேண்டிய நாளில், உண்மையான சான்றிதழ் வந்துசேரவில்லை. அப்புறம் விற்பனைப் பூட்டின் மென்பொருளுக்குள்ளேயே 'நம்பாதே'யைத் தூக்கிப் போட்டான். காட்சி அமோகம். எடுக்க வேண்டியதை அப்புறம் எடுப்பதாக இருந்தான். பிறகு வேலையை விட்டே போய்விட்டான், தன் மடிக்கணினியில் இருந்த ரகசியச் சாவியின் நகலோடு.

நான் முதலில் இப்படி எழுதினேன்: "அவன் உதட்டோரம் ஒரு கள்ளச் சிரிப்பு. எல்லாம் அவன் திட்டப்படியே..."

பென்சில்: திட்டமெல்லாம் கிடையாது. சோம்பேறித்தனம். அவனுக்கு இப்படி ஒரு ஓட்டை இருக்குன்னு ஞாபகம்கூட இருக்குமோ என்னவோ.

சோம்பேறியான வில்லனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வாசகர்கள் கொலைகாரனைக்கூட மன்னிப்பார்கள். சரி, ஓட்டையைப் போட்டது சோம்பேறித்தனம் என்றே இருக்கட்டும். அது யார் கண்ணில் படும் என்பதுதான் கதை. அதற்காகப் பூட்டு மாட்டிய ஒரு பெண்கள் விடுதியைக் கொண்டுவந்தேன், அதில் ஒரு செவிலியைக் குடிவைத்தேன். தனியாக இருப்பவள், பாவம், வேலை முடிந்து களைத்து வந்து...

பென்சில் இங்கே அழுத்தமாக இருந்தது: செவிலி யாரு?

6

சமையலறையில் அவள் என் எதிரே உட்கார்ந்தாள். தாளை என் பக்கம் தள்ளினாள்.

"அந்த விடுதியில இருக்கறது நர்ஸ் இல்ல. உங்களுக்கே தெரியும்."

"நீதானே சொல்லுவ, சோதனைக்கு உண்மையான ஆளுங்க விவரத்தைப் போடக் கூடாதுன்னு."

"இது சோதனை இல்லங்க. என் தங்கச்சி."

ஆகவே செவிலியை வெளியேற்றிவிட்டேன். அவளுக்கு நல்ல இடமாக அமையட்டும்.

உண்மை இதுதான். என் கொழுந்தியாள் எங்களோடுதான் இருந்தாள். என் மனைவிதான் அலுவலகத்தில் தன் பக்கத்து மேசைக்காரனை அவளுக்குப் பார்த்தாள். "நான் பார்த்த பையன், நான் கேரண்டி" என்றாள். அந்தப் பையன்தான் அப்புறம். நிச்சயம் ஆனதும் அவன் அவள் போனை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தான். "அன்பு ஜாஸ்திடி" என்றாள் என் மனைவி. தங்கை நிச்சயத்தை முறித்துக்கொண்டாள். அதன் பிறகு அவன் அவள் அலுவலக வாசலில் வந்து நின்றான். எடுக்காவிட்டால் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டான். எங்கள் வீட்டு மணியை அடித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

அவள் வீடு மாற முடிவுசெய்தபோது, இந்த விடுதியைத் தேடிப் பிடித்தவளும் என் மனைவிதான். "எங்க பூட்டு போட்ட இடம். யாராலும் நுழைய முடியாது." வாசகரே, இரண்டு தடவை கையெழுத்துப் போட்டவள் அவள். தற்செயல் என்று என்னைக் குறை சொல்லாதீர்கள். இதில் தற்செயல் எதுவும் இல்லை, எல்லாமே ஒரு அக்காவின் அக்கறை.

பெட்டி தூக்கிய அன்று தங்கை கேட்டாள்: "அவன் இப்படின்னு உனக்குத் தெரியவே தெரியாதாக்கா?"

"அன்னைக்கு நல்லாத்தான் இருந்தான்" என்றாள் இவள்.

அதற்குப் பிறகு தங்கை இவள் போனை எடுக்கவில்லை.

7

(தொழில்நுட்ப வாசகர்களுக்கு ஒரு அடைப்புக்குறி. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். தீப்பிடித்தால் திறக்க முடியாது என்று விடுதியில் தாழ்ப்பாளுக்குத் தடை. வைஃபைக்குள் அவன் நுழைந்தால்தானே என்பீர்கள். அதன் கடவுச்சொல் வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருந்தது. கம்பெனி சொல்லி அதை மாற்றினார்கள். புதியதையும் எடுப்பாக எழுதி அதே சுவரில் ஒட்டினார்கள்.)

கம்பெனி 'நம்பாதே'யை நீக்கிய புது மென்பொருளைத் தயாரித்தது. அதைப் பூட்டுக்குள் ஏற்ற வேண்டுமானால், அறைக்கு உள்ளே இருப்பவர் பூட்டின் பின்னாலிருக்கும் பித்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஏறி முடிந்தால் நீல விளக்கு எரியும். உள்ளே இருப்பவரின் சம்மதம் இல்லாமல் பூட்டின் மனசை யாரும் மாற்றக் கூடாது. இந்தப் பித்தானை வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளும் என் மனைவிதான்.

தலை ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: "வழக்கமான பராமரிப்பு. வார்டன் சொல்லும்போது பித்தானை அழுத்தவும்." எல்லோரும் அழுத்தினார்கள். ஒருத்தியைத் தவிர.

"என்ன காரணம்னு சொல்லாம அழுத்தச் சொன்னா நான் அழுத்த மாட்டேன்" என்று தங்கை வார்டனிடம் சொல்லிவிட்டாள்.

அந்த விடுதியிலேயே பாதுகாப்பு விதியைச் சரியாகக் கடைப்பிடித்தவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே 'நம்பாதே'யை இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரே கதவு அவளுடையது. இதை நான் கற்பனை செய்திருந்தால் என்னை நானே மெச்சிக்கொண்டிருப்பேன்.

வார்டன் அவள் இல்லாதபோது உள்ளே போய் அழுத்தியிருக்கலாம். "பொண்ணு வேண்டாம்னு சொன்ன ரூமுக்குள்ள நான் போக மாட்டேன்" என்று அந்த அம்மாள் மறுத்துவிட்டார். தலைக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை.

"உன் லேப்டாப்ல அந்தச் சாவி இருக்குல்லம்மா? அவங்க வேலைக்குப் போனதும் திறந்து, அழுத்திட்டு வந்துடு. யாருக்குத் தெரியப் போகுது? காரணத்தை மட்டும் வெளிய விட்டுடாத. விட்டா நீயும் வெளியதான்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. "நல்லதுக்குத்தானே, ஒரே ஒரு தடவை" என்றேன்.

அவள் மடிக்கணினியை மூடினாள். "அவன் பண்ணுவானோன்னு நான் பயப்படறதையே என்னைப் பண்ணச் சொல்றீங்களா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. தேநீர் போடப் போய்விட்டேன்.

8

"நீங்க எழுத்தாளர்தானே" என்றாள் மறுநாள். "கதவுக்கு வெளிய நின்னு நான் என்ன சொல்லணும்னு எழுதிக் கொடுங்க."

எழுதினேன். "அன்புத் தங்கையே, காலத்தின் கோலத்தால்..." இரண்டாவது வரைவில் "நம் உறவென்னும் கதவு" என்று ஒரு உருவகம் வந்தது. மூன்றாவதில் எனக்கே கண்ணீர் முட்டியது. அவள் மூன்றையும் படித்துவிட்டு, மளிகைச் சாமான் எழுத உதவும் என்று பின்பக்கம் காலியாக இருந்ததை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

விடுமுறை நாள் மதியம் விடுதிக்குப் போனோம். நடைவழி நெடுக வாசலுக்கு வாசல் செருப்புகள், ஒரு மடக்குக் கொடியில் காயும் துணிகள், எங்கோ இஸ்திரி போடும் வாசனை. அவள் தங்கையின் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்."

"நான்னு யார் வேணா சொல்லலாம்."

"அக்கா."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "கூட யாரு?"

"மாமா."

"அவர் எதுக்கு?"

"கதை எழுத."

சிரிப்பாக இருக்கலாம், இருமலாகவும் இருக்கலாம், ஏதோ கேட்டது. பித்தளைக் கைப்பிடி அசையவில்லை.

என் மனைவி குரலைத் தாழ்த்தவில்லை. "இந்தப் பூட்டை நம்பாத. சோதனைக்குன்னு நாங்க பண்ணின ஒரு கையெழுத்து இதுக்குள்ள தங்கிப்போச்சு. அந்தச் சாவியோட நகல் அவன்கிட்ட இருக்கு. அதை வச்சு இந்தக் கதவைத் திறக்கலாம்னு அவனுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. பித்தானை அழுத்தினா அந்தக் கையெழுத்து போயிடும். சுற்றறிக்கையில 'வழக்கமான பராமரிப்பு'ன்னு போட்டது பொய்."

நடைவழியில் கதவுகள் திறந்தன. இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "எங்க பூட்டும் அப்படித்தானா?"

"உங்களது சரியாயிடுச்சு. ஆனா காரணத்தை மறைச்சுப் பண்ணினோம். அதுக்கு மன்னிச்சுக்கோங்க."

உள்ளிருந்து குரல் இப்போது கதவுக்கு மிக அருகில் வந்தது. "அவனை நல்லவன்னு சொன்னது யாரு?"

"நான்."

"இந்தப் பூட்டு நல்ல பூட்டுன்னு சொன்னது?"

"நான்தான்."

"இப்ப இதை அழுத்துன்னு சொல்றதும் நீ. எதை வச்சு உன்னை நம்பறது?"

எனக்கு அந்தச் சமயத்தில் ஒரு அருமையான வாக்கியம் தோன்றியது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

"என்னை நம்பாத" என்றாள் என் மனைவி. "நான் சோதிக்காமலே ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டேன். உன்னையும் கேட்கல, நீ சொன்னதையும் கேட்கல. உனக்குத் தெரிஞ்ச, விவரமான ஆள் யாரையாவது கூப்பிட்டுப் பாக்கச் சொல்லு. அதுவரைக்கும் நான் இங்கேயே உக்காந்திருக்கேன். என் லேப்டாப்ல இருக்கற சாவியால இந்தக் கதவை இப்பவே திறக்கலாம். திறக்க மாட்டேன்."

அவள் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். போன் அடித்தது, தலை. செய்தி அவருக்கு அதற்குள் எப்படியோ போயிருந்தது. அவள் எடுத்து, "சொல்லிட்டேன் சார்" என்றாள். அந்தப் பக்கம் அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டாள். "சரி சார்" என்று வைத்துவிட்டாள். போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

9

நானும் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் தாளை வைத்து முடிவை எழுதத் தொடங்கினேன். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: "கண்ணீர் மல்க இருவரும் கட்டியணைத்துக்கொண்டு..."

பென்சில்: நாங்க கட்டிப்பிடிச்சு அழற குடும்பம் இல்ல.

முடிவு இரண்டு: "மாடிப்படியில் கேட்ட காலடியோசை அவளுக்குப் பழக்கமானது. அப்புறம்..."

இதை அவள் அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது. "அவன் இந்த நடைவழிக்கு வரக் கூடாது" என்றாள். "கதையிலகூட."

முடிவு மூன்று: "உள்ளே மெல்லிய பீப் சத்தம். பூட்டில் நீல விளக்கு..."

இதை அவள் அடிக்கவில்லை. படித்தாள். தலையைக் கதவில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. இந்தக் கதையில் இருக்கும் எந்தக் கதவையும் நான் திறக்கலாம். 'கதவு திறந்தது', இரண்டே சொல். என்னிடம் யாரும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். நீங்களும் நம்பிவிட்டு, நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். அவளுக்காக, நல்லதுக்குத்தான், ஒரே ஒரு தடவை.

கதவு திற

இல்லை. அடித்துவிட்டேன். இந்தத் தடவை பென்சில் என் கையில் இருந்தது.

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பவள் உங்கள் விஷயத்தில் தவறாகக் கையெழுத்துப் போட்டவள். இப்போது அவள் சொல்வது உண்மை என்பதற்குச் சாட்சி அவள் கணவன், அவனுக்கோ எப்படியாவது ஒரு கதை வேண்டும். பித்தான் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அழுத்துங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. யாரையாவது விசாரிக்க வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறோம்.